குளிருக்குக் கட்டம் இல்லை

குடமும் இல்லை, ஓலையும் இல்லை.
வாக்காளர் பட்டியலைக் கணினி ஒன்று குலுக்க
வந்து விழுந்தது
ஆர்லெட் கோஸ்கி என்ற பெயர்.
தொலைபேசியில் சொன்னபோது
ஏதோ மோசடி என்று வைத்துவிட்டாள்.
மறுபடி அடித்தது.
சட்டமன்ற உறுப்பினர்களுக்கு
எவ்வளவு சம்பளம் என்று
நீங்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், மேடம்.
வலது கையுறையிலிருந்து
சிப்பித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வில்லபா விரிகுடாவில்
இருபத்தாறு வருடமாகச் சிப்பி உடைக்கிறாள்.
கத்தி நுழையும் இடம் கண்ணுக்குத் தெரியாது,
கட்டைவிரலுக்குத் தெரியும்.
கேலனுக்கு இவ்வளவு என்று கூலி.
ஓட்டுக்குக் காசில்லை,
சதைக்குத்தான்.

ஒலிம்பியாவுக்கு ஒன்றரை மணி நேரம்,
மழையில் இரண்டு.
மழை எப்போதும்.
பதினேழு நாற்காலி, பதினேழு தண்ணீர்ப் புட்டி.
பக்கத்தில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
எதிரே ஒரு கோதுமை விவசாயி,
அவரும் குலுக்கலில் விழுந்தவர்தான்.
தங்கள் சம்பளத்தைத் தாங்களே
எழுதிக்கொள்ளக் கூடாதென்று
ஒருகாலத்தில் ஜனங்கள் கோபப்பட்டதால்
இப்படி ஓர் ஏற்பாடாம்.
ஏற்றலாம். அப்படியே விடலாம்.
குறைக்க மட்டும் சட்டத்தில் இடமில்லை.
இதைச் சொல்லும்போது
தலைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

கணக்குச் சொல்ல ஆலோசகர் வந்தார், பெயர் டிரெக்ஸ்லர்.
அறிவுக்கு இத்தனை புள்ளி,
சிக்கல் தீர்க்க இத்தனை,
பொறுப்புக்கு இத்தனை,
கூட்டினால் ஒரு வேலையின் விலை.
ஓய்வூதியம் வேறு அலுவலகம், வேறு மாடி.
தினப்படியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

என் வேலையை அதில் போட்டுப் பாருங்களேன்
என்றாள் ஆர்லெட்.
எல்லாரும் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர்;
உண்மையாகவே போட்டுப் பார்த்தார்.
எத்தனை மணி நேரம் நிற்பீர்கள்,
யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்,
தப்பானால் யாருக்கு நஷ்டம்
என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர்
நடுவில் பேனாவை நிறுத்தினார்.
குளிருக்குக் கட்டம் இல்லை,
மன்னிக்கவும்.

பொதுமக்கள் தரப்பில் பேச வந்தது மூன்று பேர்.
ஒருவர் ஒரு டாலர்கூடத் தரக் கூடாதென்றார்.
ஒருவர் வேறு ஏதோ கூட்டமென்று வந்தவர்.
மூன்றாமவர் ஸ்கோஃபீல்ட், புது உறுப்பினர்,
ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
கூட்டத்தொடர் முடியும்வரை
யாரோ வீட்டு அடித்தளத்தில்
துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்
படுத்துக்கொள்வதாகச் சொன்னார்.
கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்லி
கேட்காமலே உட்கார்ந்தார்.

அப்போதுதான் மரிசெலா நினைவுக்கு வந்தாள்.
அடுத்த மேசைக்காரி.
முதலாளியின் தராசு பொய் சொல்கிறதென்று
ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துக் காட்டியவள்.
நீ தேர்தலில் நில், நான் போடுகிறேன்
என்று ஆர்லெட்தான் ஒருமுறை சொன்னாள்.
மரிசெலா அட்டைப்பெட்டியின் மூடியில்
கணக்குப் போட்டாள்:
கூட்டத்தொடர் ஜனவரியில்.
சிப்பி கொழுப்பதும் ஜனவரியில்.
வாடகை எல்லா மாதமும்.
மூடியை மடித்து அடுப்பில் போட்டாள்.

மூன்று சதவீதமா, மூன்றரையா என்று வாக்கெடுப்பு.
இந்தப் பணம் மரிசெலாவுக்குப் போகாது.
நாலு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும்
தன் தொகுதி உறுப்பினருக்குப் போகும்.
அதில் ஒரு வீட்டில்தான் மரிசெலா இருக்கிறாள்.
தெரிந்தே
மூன்றரைக்குக் கை தூக்கினாள்.
பல் மருத்துவர் திரும்பிப் பார்த்தார்.
காரணம் எழுத இடமில்லை.
பதிவேட்டில்: கோஸ்கி, ஆம்.

வெளியே வரும்போது ஒரு படிவம் நீட்டினார்கள்.
பயணப்படி. எத்தனை மைல் என்று எழுதுங்கள்.
எழுதினாள், அடித்தாள்,
காப்பிக்காகச் சுற்றிய இரண்டு மைலைக் கழித்து
மறுபடி எழுதினாள்.

திங்கட்கிழமை,
கொட்டகை வாசலில் கரும்பலகை.
கேலன் விலை
போன வருடத்து எண்தான்.
மங்கிப்போகாமலிருக்க
அதன்மேலேயே யாரோ
புதுச் சுண்ணக்கட்டியால்
இன்னொரு முறை எழுதியிருந்தார்கள்.